பந்தல் பிரித்த பிறகு வந்தவள்

"நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம், ஓடலாம். எல்லாம் சரிதாம்மா. ஆனா மூணையும் ஒரே நாள்ல ஒரு பொம்பளைப் பிள்ளை செஞ்சா அதுக்குப் பேரு விளையாட்டு இல்லே. வீட்டுல கேக்கறதுக்கு ஆள் இல்லேன்னு அர்த்தம்."

இப்படிச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். போர்ட் பிளேரில் அந்தப் பதவியில் இருக்கிறவரை எந்த ஊர்க்காரராக இருந்தாலும் 'படா பாபு' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் படா பாபு கும்பகோணத்துக்காரர். அடுத்த கப்பலிலேயே மெயின்லாண்டுக்கு மாற்றல் வந்துவிடும் என்று ஒன்பது வருடங்களாக ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் வைத்திருப்பவர். ஃபெரியில் ஏறும்போது இரண்டு பேர் அவர் கையைப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது மூன்று பேர்.

எனக்கு இருபத்திரண்டு வயது. சாலைகளும் கட்டடங்களும் போடுகிற ஒரு துறையில் தட்டச்சர். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. அப்பா, அம்மா, தம்பிகள் இரண்டு பேர், அக்கம்பக்கத்தில் சித்திகள் ஏழு பேர். ஐம்பதுகளில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பாம்பூ பிளாட் கரையில் குடிசை போட்டுக்கொண்ட மீன்பிடிக் குடும்பங்கள் எங்களுடையவை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கட்டைவிரல்தான் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த அன்று பதிவேட்டில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் நான்கு இடங்களில் போட்டேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

பந்தயம் எங்கள் பெரிய அதிகாரியின் யோசனை. மெயின்லாண்டிலிருந்து புதிதாக வந்திருந்த வடநாட்டுக்காரர். ஊழியர்களுக்கெல்லாம் தொப்பை விழுந்திருக்கிறது என்று வந்த முதல் வாரமே கண்டுபிடித்தார். அதற்கு மருந்தாக, துறையின் விளையாட்டு விழாவில் ஒரு நீண்ட பந்தயத்தைச் சேர்த்தார். பாம்பூ பிளாட் ஜெட்டியில் குதித்து சாத்தாம் படித்துறை வரை நீச்சல், ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து வண்டூர் வரை போய்த் திரும்ப முப்பத்தைந்து மைல் சைக்கிள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஊரைச் சுற்றி எட்டு மைல் ஓடி மைதானத்தில் முடிக்க வேண்டும். மூன்றும் ஒரே மூச்சில். இப்படி ஒன்றை இந்தத் தீவில் யாரும் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

அறிவிப்பைத் தட்டச்சு செய்தவள் நான். 'துறை ஊழியர் அனைவரும் கலந்துகொள்ளலாம்' என்று இருந்தது. 'ஆண் ஊழியர்' என்று எழுத வேண்டுமென்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பெண் வருவாள் என்று நினைத்தால்தானே கதவைச் சாத்தத் தோன்றும்? எழுதியிருப்பதை அப்படியே அடிப்பதுதான் என் வேலை. அப்படியே அடித்தேன். பிறகு என் பெயரைக் கொடுத்தேன். படா பாபு மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னார். விதியில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விதியைத் தேடினார். நான் அடித்த பிரதியைத்தான் தேட வேண்டியிருந்தது.

எனக்கு இருந்த ஆசை பரிசு வாங்குவது இல்லை. முடிப்பதும், முடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் வருவதும் போதும். அந்தப் பட்டியல் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதை நானே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும் என்பது அப்போது யோசனையில் இல்லை.

நீச்சல் எனக்குப் புதிதில்லை. எங்கள் கரையில் பெண் பிள்ளைகள் நீந்துவது வழக்கமில்லை. ஆண்களே கூட, கடலுக்குள் விழுந்தால் மட்டும் நீந்துவார்கள். ஆனால் நான் படித்த பள்ளிக்கூடம் எதிர்க்கரையில் இருந்தது. தினமும் ஃபெரி. ஃபெரி வராத நாட்களில் ஜெட்டியில் காத்துக்கிடக்கும் பையன்கள் தண்ணீருக்குள் குதிப்பார்கள். புத்தகப் பையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருநாள் நானும் குதித்தேன். அம்மா அடித்த அடி முதுகில் ஒரு வாரம் இருந்தது. நீச்சல் இன்னும் இருக்கிறது.

பயிற்சிக்கு நான்கு மாதம் இருந்தது. விடியும் முன் தம்பியின் அரைக்கால் சட்டையைப் பாவாடைக்கு உள்ளே மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவேன். தண்ணீரின் ஓரத்தில் அம்மா நிற்பாள், காவலுக்கு இல்லை, திட்டுவதற்கு.

"ஏளா, கறுத்துப் போவ. கல்யாணத்துக்குப் பாக்க வாறவன் பயந்து ஓடிருவான்."

"ஓடட்டும்மா. கூடவே ஓடிப் பழகிக்கிடுதேன்."

"இதுக்கா ஒன்னப் படிக்க வச்சது?"

படிக்க வைத்தது எதற்கு என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. படித்தவள் உட்கார்ந்து வேலை செய்வாள் என்று மட்டும் நம்பியிருந்தார்கள். உட்கார்ந்துதான் செய்தேன், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை.

சைக்கிள்தான் பெரிய வேடிக்கை. என்னிடம் சைக்கிள் கிடையாது. அப்பாவிடம் இருந்தது. ஆண்கள் ஓட்டும், நடுவில் குறுக்குக் கம்பி போட்ட சைக்கிள். பின்னால் மீன் பெட்டி வைப்பதற்காகக் கொல்லன் பட்டறையில் அடித்துப் பற்றவைத்த இரும்புத் தாங்கி. அதைக் கழற்ற முடியாது. தாங்கி மட்டுமே ஒரு சின்னப் பிள்ளை எடை இருக்கும். ஏழு மணிக்கு அப்பா மீன் விற்கக் கிளம்பும் முன்பு நான் அதை விம்பர்லிகஞ்ச் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போய் வருவேன். எத்தனை கழுவினாலும் அதில் சூரை மீனின் வாசனை போகாது. அதனால் தனியாக ஓட்டியதே இல்லை. மேலே காக்கைகள், பின்னால் நாய்கள். வேகமாகப் போவதற்கு அதைவிட நல்ல பயிற்சியாளர்கள் இந்தத் தீவில் கிடைத்திருக்க மாட்டார்கள். வழியில் நிற்கும் பெங்காலிக் குடியேறிகள் மீன் வந்துவிட்டதென்று பாத்திரத்தோடு ஓடிவந்து, என்னைப் பார்த்து ஏமாந்து திரும்புவார்கள்.

அந்த வாசனை என்னோடு அலுவலகத்துக்கும் வரும். படா பாபு எழுந்து ஜன்னலைத் திறப்பார். "காத்து வரட்டும்" என்பார். கடற்காற்று வரும். அதிலும் அதே வாசனைதான்.

எங்கள் அலுவலக ஆண்களும் பயிற்சி எடுத்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். ஒரு வரைவாளர் தினமும் மதியம் அளவு நாடாவால் தொடையைச் சுற்றி அளந்து சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஒரு மேற்பார்வையாளர் குளுக்கோஸ் டப்பாவை மேசையில் வைத்துக்கொண்டு தேக்கரண்டியால் சாப்பிடுவார். அது உடம்புக்குள் தானாக நீந்தும் என்று நம்பியிருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து மெட்ராசிலிருந்து கான்வாஸ் காலணிகள் வரவழைத்தார்கள். கப்பல் வரும்வரை ஓடக்கூடாது, கால் கெட்டுவிடும் என்று முடிவு செய்தார்கள். கப்பல் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்புதான் வந்தது. நான் வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தேன். ஜெட்டியிலிருந்து சந்தை வரை, சந்தையிலிருந்து மாதா கோயில் வரை. சித்திகள் வாசலில் நின்று, "யாரும்மா தொரத்துதா?" என்று தினமும் கேட்பார்கள். தினமும் அதே கேள்வி. ஒருநாள் கேட்க மறந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் நான் நன்றாக ஓடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

பந்தய நாளும் நேரமும் அச்சாகி வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் விரல் விட்டு எண்ணினார்.

"அன்னைக்குப் பத்தாம் பிறை. ஆறு மணிக்குத் தண்ணி நெறஞ்சு நிக்கும். ஏழுக்கு வத்தம் புடிச்சிரும். நீவாடு வாயப் பாத்து இழுக்கும். ஒங்க ஆபீசருக்கு இது தெரியாதா?"

வத்தம் என்றால் கடல் வற்றும் நேரம். உள்ளே ஏறிய தண்ணீர் முழுதும் துறைமுக வாய் வழியாக, ராஸ் தீவுப் பக்கம் வெளியே ஓடும். நீவாடு என்று அவர் சொன்னது அந்த ஓட்டத்தை. எங்கள் கரையில் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இது. நான் அதிகாரியிடம் போனேன். ஒரு மணி நேரம் முன்னால், ஆறு மணிக்குத் தொடங்கினால் தண்ணீர் அசையாமல் நிற்கும் என்று சொன்னேன்.

"சிறப்பு விருந்தினர் ஆறரைக்குத்தான் எழுந்திருப்பார், மிஸ்" என்றார் அவர், தன் ஊர் இந்தியில்.

படா பாபு தமிழில் கூடுதலாக ஒன்று சேர்த்தார்: "கடலுக்கு டைம் நாமதாம்மா சொல்லணும். கடல் நமக்குச் சொல்லக்கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கொடி அசைந்தது. பாம்பூ பிளாட் ஜெட்டியில் ஊரே நின்றது. பதினொரு ஆண்களும் குதித்து, எதிரே தெரிந்த சாத்தாமைப் பார்த்து நேராக நீந்தினார்கள். நான் வலது பக்கம் திரும்பி, மேற்கே, துறைமுகத்தின் உள்பக்கமாக நீந்தினேன். சாத்தாமுக்குப் போக மேற்கே நீந்துகிற ஒருத்தியை ஊர் எப்படிப் பார்க்கும்? கைதட்டிச் சிரித்தார்கள். காவல் படகில் இருந்த ஆள் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தான்.

"மேடம்! சாத்தாம் உதர் ஹை! உதர்!" அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அவன் கையைக் காட்டக் காட்ட, நான் இந்தப் பக்கமே போனேன். படித்த பெண்ணுக்குத் திசை தெரியவில்லை என்று கரையில் யாரோ கத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கடலில் வாயைத் திறந்து பதில் சொன்னால் உப்புத் தண்ணீர்தான் உள்ளே போகும். போதுமான அளவு மேற்கே போனதும் திரும்பினேன். மிச்சத்தை ஓட்டம் பார்த்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளித் தள்ளி, சாத்தாம் படித்துறையில் கொண்டுபோய் விட்டது.

எனக்கு முன்னால் அங்கே மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். மூன்று பேரும் நல்ல நீச்சல்காரர்கள், மலபார்க் குடும்பத்து இளைஞர்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் எப்படியோ கையடித்து வந்து சேர்ந்தார்கள். மற்ற ஆறு பேர் எங்கே என்று பார்த்தால், ராஸ் தீவுக்குப் போகிற வழியில் ஆறு தலைகள் வரிசையாகத் தெரிந்தன. குளுக்கோஸ் மேற்பார்வையாளர் முன்னணியில் இருந்தார். காவல் படகு என்னை விட்டுவிட்டு அவர்களைப் பிடிக்க ஓடியது. ஆறு பேரையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்து சாத்தாம் படித்துறையில் இறக்கியது. இரண்டு பேர் வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மீதி நான்கு பேர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்கள். படகில் வந்ததும் நீச்சலில் சேர்த்தி போலிருக்கிறது.

அப்புறம் சைக்கிள். இதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் இரும்பு வண்டியை மிதித்தேன். பின்னால் வந்த எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். படகில் வந்த நால்வரும் ஓய்வெடுத்த உடம்போடு, புதுக் காலணிகளோடு, "சலோ மச்சிலி!" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். மச்சிலி என்றால் மீன். ஏற்றங்களில் சங்கிலி கழன்றது. மூன்று தடவை கையில் கறுப்பு மையோடு மாட்டினேன். நாய்கள் மட்டும் என் வேகத்தில் நம்பிக்கை வைத்துக் கூடவே வந்தன.

வண்டூரில் திரும்பும் இடத்தில், அவ்வளவு தூரம் வந்ததற்கு அடையாளமாக ஆளுக்கொரு சிவப்பு நாடா கொடுப்பதாக ஏற்பாடு. நான் போனபோது அங்கே ஒரு காலி நாற்காலி இருந்தது. நாடா கொடுக்க வேண்டிய ஆளைத் தேடி மூன்று வீடு கேட்டேன். நான்காவது வீட்டில் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அரே, இன்னும் ஆள் இருக்கா?" என்றார் இந்தியில்.

"நான் இருக்கேன்."

"எல்லாரும் போய் ரொம்ப நேரமாச்சே. உட்காரு. மீன் குழம்பு இருக்கு."

நான் உட்காரவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. பாதிச் சோற்றில் எழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் மனைவி சொன்னாள். கடைசிப் பருக்கை வரை வாசலில் நின்று பார்த்தேன். இருபது நிமிடம் இருக்கும். கையைக் கழுவி, துடைத்து, நாடாவை எடுத்துக் கொடுத்தார். அதில் மஞ்சள் கறை இருந்தது.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும்போது உச்சி வெயில். தார் உருகிக் காலில் ஒட்டியது. நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஏற்றங்களில் நான் ஓடியதை யாராவது பார்த்திருந்தால் நடை என்று சொல்லியிருக்கலாம். பேருந்து நிலையத்தில் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்து, பேருந்தைத் தவறவிட்டவள் என்று நினைத்து, "அது போயிடுச்சு தீதி, அடுத்தது மூணு மணிக்கு" என்றார்கள். கண்ணுக்கெட்டியவரை எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. பந்தயத்தில் இருக்கிறேனா, தனியாக ஊர் சுற்றுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மைதானத்துக்குள் நுழைந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் போயிருந்தார். அதிகாரி போயிருந்தார். நேரம் குறிக்கிற மேசை, கடிகாரம், படா பாபு எல்லாம் போயாயிற்று. ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் துறைத் தொழிலாளர்கள் நான்கு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் கட்டியிருந்த கயிற்றை ஒருவர் முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினார். கயிற்றை மறுபடி அவிழ்த்து, ஒரு முனையை இன்னொருவரிடம் கொடுத்து, குறுக்கே பிடித்தார். நான் அதில் மோதிக் கீழே விழுந்தேன். நான்கு பேரும் கைதட்டினார்கள். விருந்தினருக்கு வைத்த இளநீரில் மிச்சம் ஒன்றை வெட்டிக் கொடுத்தார்கள்.

குடித்து முடித்ததும் எனக்குள் இருந்த எழுத்தர் விழித்துக்கொண்டாள். வந்தது பெரிதில்லை, வந்ததற்குக் காகிதம் வேண்டும். இரண்டு வருட அரசாங்க வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே உண்மை அது. மைதானத்து ஓரத்தில் இருந்த டீக்கடைக்குத் தவழாத குறையாகப் போனேன். கடைக்காரர் மலபார்க்காரர்.

"எந்தா பெங்ஙளே, சாயா வேணுமா?"

"சாயா வேண்டாம். உங்க சுவர்க் கடிகாரத்துல இப்ப மணி என்ன?"

"ஒண்ணு இருபத்தஞ்சு."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் ஓடி வந்ததைப் பார்த்தேன்னும் எழுதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் டீத்தூள் பொட்டலத்தின் வெள்ளைப் பக்கத்தில் எழுதி, தன் பேனா மையைத் தட்டில் கொட்டிக் கொடுத்தார். தொழிலாளர்கள் நால்வரும் கைநாட்டு வைத்தார்கள். கையெழுத்தை நான்கு இடத்தில் போட்ட அந்தக் கர்வக்காரி, நான்கு கட்டைவிரல்களை அன்று ஊதி ஊதிக் காயவைத்தாள்.

திங்கட்கிழமை காலை படா பாபு என் மேசையில் ஒரு தாளை வைத்தார். பந்தயத்தை முடித்தவர்கள் பட்டியல். ஸ்டென்சில் வெட்டி, நகல் எடுத்து, எல்லாக் கிளை அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பெயர்கள். படகில் வந்த நால்வரும் இருந்தார்கள். நான் இல்லை.

"சார், என் பேர் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலைம்மா. நீ முடிக்கலை."

"முடிச்சேன் சார்."

"யார் பார்த்தா? நாங்க பன்னெண்டே முக்கால் வரைக்கும் இருந்தோம். அதுக்கு மேல வந்தா அது உன் சொந்த விஷயம்."

நேராகத் தட்டச்சு செய்து பத்தாவதாக என் பெயரை நானே சேர்த்திருக்கலாம். அதிகாரி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அந்த யோசனை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருட்டுத்தனமாக நுழைவதற்காகவா அவ்வளவு தூரம் ஓடினேன்? தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனேன். படா பாபு பின்னாலேயே வந்தார், அன்று மட்டும் யாரும் கையைப் பிடிக்காமல்.

விதியில் நேர வரம்பு என்று எதுவும் இல்லை என்று சொன்னேன். அடித்தவள் நான், எனக்குத் தெரியும். அதிகாரி யோசித்தார். சாட்சி உண்டா என்று கேட்டார். சிவப்பு நாடாவையும் டீத்தூள் பொட்டலத்தையும் மேசையில் வைத்தேன்.

படா பாபு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா இது, டீக்கடைக்காரன் ஒருத்தன், கைநாட்டு நாலு! இதையெல்லாம் ஒரு ஆபீஸ்ல சாட்சின்னு வைக்க முடியுமா?"

"இந்த நாலு பேரும் நம்ம மஸ்டர் ரோல்ல இருக்கறவங்க சார்" என்றேன். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலித் தொழிலாளர்களின் பதிவேடு. அதில் கைநாட்டு வைத்தால்தான் கூலி. "மாசாமாசம் இதே கட்டைவிரலைப் பார்த்து, சரின்னு நீங்கதான் கையெழுத்துப் போடறீங்க. அங்கே செல்லும்னா இங்கேயும் செல்லும். இங்கே செல்லாதுன்னா அங்கேயும் செல்லாதுன்னு ஒரு குறிப்பு எழுதிடலாம். இப்பவே அடிச்சுத் தரேன்."

அந்தப் பதிவேட்டில் இருக்கும் கட்டைவிரல்களில் எத்தனைக்கு உடம்பு உண்டு என்பது படா பாபுவுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கடவுள் அன்று அறையில் இல்லை. படா பாபுவின் நெற்றியில் வேர்வை வந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. முகம் படிக்கத் தெரியும்.

"ரஹ்னே தோ" என்றார். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். "மிஸ்ஸின் பெயரைச் சேருங்கள். பத்தாவது. பக்கத்தில் 'தாமதம்' என்று போடுங்கள்."

"போடறேன் சார். அப்படியே இந்த நாலு பேர் பக்கத்துல 'படகில் வந்தவர்' என்றும் போட்டுடறேன்" என்றேன் இந்தியில்.

அவர் பேனாவை எடுத்தார். பிறகு பட்டியலில் இருந்த குறிப்புப் பத்தி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்துவிட்டார். யார் பக்கத்திலும் எந்தக் குறிப்பும் வேண்டாம்.

அன்று மதியம் பத்துப் பெயர்களோடு பட்டியல் பலகையில் ஏறியது. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

"பத்தாவதா? எத்தன பேருல?"

"பன்னெண்டு பேருல."

"மிச்சம் ரெண்டு பேரு?"

"வாந்தி எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்பக் கடைசின்னு சொல்லு" என்றார். சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சங்கிலிய என்ன செஞ்சு வச்சிருக்க?" என்று கேட்டார். என் வீட்டில் நடந்த பாராட்டு விழா இவ்வளவுதான்.

பட்டியலின் நகல்கள் வழக்கம்போல கப்பலேறி எல்லாக் கிளை அலுவலகங்களுக்கும் போயின. திக்லிபூரிலிருந்தும் ஹட் பேயிலிருந்தும் 'பெறப்பட்டது' என்ற முத்திரை மட்டும் வந்தது. மூன்று வாரம் கழித்து ரங்கத்திலிருந்து ஒரு கடிதம் என் பெயருக்கே வந்தது. எழுதியவள் அங்கிருந்த எங்கள் கிளையின் தட்டச்சர், தெலுங்குக்காரப் பெண். ஆங்கிலத்தில் இரண்டே வரி: 'பத்தாவது பெயர் உண்மையில் பெண்தானா, அங்கிருக்கும் தட்டச்சரின் கைத்தவறா? பெண்தான் என்றால், எனக்கு நீந்தத் தெரியும், சைக்கிள் தெரியாது. என்ன செய்யலாம்?'

படா பாபுவிடம் ஆறு நாள் விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். அவர் காரணம் கேட்கவில்லை. மஸ்டர் ரோலுக்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. மாற்றலாகி மெயின்லாண்டுக்குப் போன ஒரு மருத்துவரின் மனைவி, போகிற எல்லாரையும் போல வீட்டுச் சாமான்களை விற்றாள். அவளிடமிருந்து குறுக்குக் கம்பி இல்லாத பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மீன் வாசனை இல்லாததால் நாய்கள் அதை மதிப்பதே இல்லை.

இன்று காலை ரங்கத் போகும் படகில் அதை மேல்தளத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். சரக்குக்குத் தனிச் சீட்டு வேண்டும் என்று தளத்தில் நின்றவன் தகராறு செய்தான். அதையும் வாங்கிக்கொண்டேன். ஜெட்டி பின்னால் போய்விட்டது. சாயங்காலம் அந்தத் தெலுங்குக்காரப் பெண்ணைச் சைக்கிளில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும். முதல் நாள் பின்னால் பிடித்துக்கொண்டு நான்தான் ஓடியாக வேண்டும்.